‘முதலில் மென்மையானதை வாங்கு’ என்னும் தவறான அறிவுரை

கார்ட்ரிட்ஜ் ரேஸர் அலுத்துப்போய், இருபுறமும் முனையுள்ள பழைய பிளேடுக்கு மாற நினைப்பவருக்கு எங்கே கேட்டாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது. “முதலில் ரொம்ப மென்மையான ரேஸராகப் பார்த்து வாங்குங்கள். கை பழகட்டும். ஒட்ட மழிக்கிற ரேஸரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” விற்பவரும் இதைத்தான் சொல்கிறார், யூடியூபில் ரேஸர்களைக் கழற்றிக் காட்டுபவரும் இதைத்தான் சொல்கிறார். கேட்டவர் மென்மையானதை வாங்கிவந்து மழித்துப் பார்க்கிறார். ஒரு தடவை இழுத்தால் பாதி முடி அப்படியே நிற்கிறது. மறுபடி நுரை போட்டு இழுக்கிறார், எதிர்த்திசையில் இழுக்கிறார், தாடைக்குக் கீழே கொஞ்சம் அழுத்தியும் இழுக்கிறார். கழுத்து சிவந்து எரிகிறது. ‘நமக்கு இது சரிப்படாது’ என்று அதை அலமாரிக்குள் போட்டுவிட்டுக் கார்ட்ரிட்ஜுக்கே திரும்பிவிடுகிறார்.

அவரைத் தோற்கடித்தது அந்த அறிவுரைதான். ஒட்ட மழிக்கிற ரேஸர் தோலைப் புண்ணாக்கும், புண்ணாக்காத ரேஸர் ஒட்ட மழிக்காது, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. ஒரு பிளேடைக் கண்டு பயந்தவருக்கு மூன்றையும் ஐந்தையும் விற்றதும் இந்த நம்பிக்கைதான். இது தவறு. ஒழுங்காக வடிவமைத்து, துல்லியமாகக் கடைந்தெடுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரேஸர் குறைந்த இழுப்புகளில் வேலையை முடித்துவிடும். இழுப்பு குறைந்தால் எரிச்சலும் குறையும். ஆகவே முதல் ரேஸரே நன்றாக மழிக்கிற ரேஸராக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்கத் தெருமுனை சலூன் போதும். முடிதிருத்துபவர் புது பிளேடை எடுக்கிறார். மேலுறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் மெழுகுத்தாளோடு சேர்த்தே நீளவாக்கில் மடக்கி ‘டக்’கென்று இரண்டாக உடைக்கிறார். ஒரு பாதி சவரக்கத்தியின் வாய்க்குள் போகிறது, மறுபாதி அடுத்த வாடிக்கையாளருக்கு. அந்தப் பாதி பிளேடுக்கு முன்னால் தடுப்பு எதுவும் இல்லை. இடதுகை விரலால் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து வைத்து, அழுத்தாமல் இழுக்கிறார். இரண்டே சுற்றில் கன்னம் மழமழவென்று ஆகிவிடுகிறது. வீட்டில் ஐந்து பிளேடு ரேஸரை வைத்திருப்பவர்கூட நல்ல சவரம் வேண்டும் என்றால் அந்த நாற்காலியில்தான் போய் உட்காருகிறார்.

அது அவருடைய கைத்திறமை என்று சொல்லலாம். உண்மைதான். அந்தத் திறமையில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன: பிளேடை எந்தச் சாய்வில் வைப்பது, எவ்வளவு அழுத்துவது. முதல் விஷயத்தை ரேஸரின் தலையே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிடலாம் என்று கண்டதால்தான் பாதுகாப்பு ரேஸர் பிறந்தது. மேல்மூடியும் கீழே உள்ள தடுப்புக் கம்பியும் சேர்ந்து, தோலில் பிளேடு ஏறக்குறைய 30 டிகிரிச் சாய்வில் படும்படி நிறுத்தி வைக்கின்றன. அழுத்தாமல் இருப்பது மட்டுமே மழிப்பவர் கற்க வேண்டிய பாடம். அதைக் கற்க வருஷக் கணக்கில் ஆகாது.

கிங் கேம்ப் ஜில்லெட் இருபுற முனை பிளேடு போடும் தன் பாதுகாப்பு ரேஸருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1901-இல். அது கிடைத்தது 1904 நவம்பர் 15-இல். விற்பனை தொடங்கிய 1903-இல் 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே போயின. அடுத்த ஆண்டே ரேஸர் விற்பனை 90,000-ஐத் தாண்டிவிட்டது. காப்புரிமையின் மையக் கருத்து எளிமையானது. பிளேடு மலிவாக இருக்க வேண்டுமானால் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய தகடு தானாக விறைத்து நிற்காது. அதற்கு விறைப்பைக் கொடுப்பது பிடிப்பானின் வேலை. இன்றைய பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து லேசாக அமுக்கினாலே வளைந்துவிடும். ஒரு ரேஸர் நல்லதா கெட்டதா என்பதை, இந்த வளையும் தகட்டை அது எவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் முதலில் தீர்மானிக்கிறது. 120 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த இந்த அடிப்படையை மறந்துவிட்டுத்தான் இப்போது ‘மென்மை’, ‘கடுமை’ என்று ரேஸர்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மறதிக்கு வியாபாரக் காரணம் உண்டு. ஜில்லெட்டின் முதல் ரேஸரின் காப்புரிமைக் காலம் 1921-இல் முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்த அளவு பிளேடை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று ஆயிற்று. ஒரு நிறுவனத்தின் கைப்பிடியில் இன்னொரு நிறுவனத்தின் பிளேடு பொருந்துகிறவரை விலையை ஏற்ற முடியாது. 1971-இல் ஜில்லெட்டின் ட்ராக் டூ இரண்டு பிளேடுகளை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் பூட்டியது. 1998-இல் மாக் த்ரீயோடு மூன்று வந்தன. 2003-இல் ஷிக் நிறுவனம் நான்கைக் கொண்டுவந்தது. 2006-இல் ஜில்லெட்டின் ஃபியூஷன் ஐந்தாக்கியது. ஒவ்வொரு கூடும் அதற்கென்று செய்த கைப்பிடியில் மட்டுமே மாட்டும்.

எண்ணிக்கை கூடக் கூடத் தோலுக்கு நல்லது என்று சொன்ன காரணத்தையும் பார்க்க வேண்டும். முதல் பிளேடு முடியை வெட்டும்போதே அதைக் கொஞ்சம் வெளியே இழுக்கிறது, அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டிவிடுகிறது என்பது விளக்கம். அப்படியே நடந்தாலும் அதில் ஆபத்து இருக்கிறது. தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி திரும்ப வளரும்போது, சுருள் முடி உள்ளவர்களுக்குத் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு கொப்புளமாகிறது. கழுத்தில் வரிசையாகச் சிவந்த பொரிகளோடு தோல் மருத்துவரிடம் போகிறவர்களில் பலருக்கு இதுதான் பிரச்சினை. அத்தகையவர்கள் ஒற்றை அல்லது இரட்டை பிளேடு ரேஸரைப் பயன்படுத்த வேண்டும், தோலை இழுத்துப் பிடித்து மழிக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதெமியின் அறிவுரை. பல பிளேடு ரேஸரால் இந்தக் கொப்புளம் கூடவில்லை என்று சொல்லும் ஆய்வும் உண்டு. அதில் ரேஸர் தயாரிப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பங்கு பெற்றிருந்தார்கள். படிப்பவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டல் கணக்கும் எளிமையானதே. ஐந்து பிளேடு ரேஸரால் ஒரே இடத்தில் மூன்று முறை இழுத்தால் அந்தத் தோலின்மேல் 15 முனைகள் உராய்கின்றன. ஒற்றை முனையால் இரண்டு முறை இழுத்தால் உராய்வது இரண்டுதான்.

ஐந்து பிளேடை விற்ற ஜில்லெட் நிறுவனமே இந்தியாவில் என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2002-இல் இந்தியச் சந்தைக்கென்று வெக்டர் என்ற ரேஸரைக் கொண்டுவந்தார்கள். அதை இந்திய ஆண்களிடம் சோதித்ததாகவே நிறுவனம் நினைத்தது. சோதித்தது பாஸ்டனுக்குப் பக்கத்தில், எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம்! அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், பிளேடுகளுக்கு நடுவில் சிக்கிய முடி ஓடிவிடும். இந்தியாவிலோ லட்சக்கணக்கானோர் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து மழிப்பவர்கள். முடி சிக்கி ரேஸர் அடைத்துக்கொண்டது. பிறகு ஆட்களை அனுப்பி இங்குள்ளவர்களை நேரில் பார்த்து, 2010-இல் கார்ட் என்ற ரேஸரைச் செய்தார்கள். ரேஸர் 15 ரூபாய், மாற்றுக் கூடு 5 ரூபாய். அதில் இருந்தது ஒரே ஒரு பிளேடு. 2020-இல் அதே நிறுவனம் தன் நிறுவனரின் பெயரிலேயே ஒரு வரிசையை வெளியிட்டது. அதில் இருபுற முனை பிளேடு போடும் உலோக ரேஸரும் உண்டு. பிளேடுகளின் எண்ணிக்கை பற்றி அவர்களே தந்த பதிலாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

கார்ட்ரிட்ஜின் பொய்யைக் கண்டுகொண்டு வெளியே வருபவர்கள், உலோக ரேஸரின் பக்கம் வந்ததும் அதே பயத்தில் விழுவதுதான் வருத்தமானது.

எரிச்சல் உண்மையில் எங்கிருந்து வருகிறது? பிளாஸ்டிக் ஸ்கேலை மேசை விளிம்பில் வைத்து, நீண்ட பகுதி வெளியே இருக்கும்படி அமுக்கிப் பிடித்து நுனியைத் தட்டினால் படபடவென்று அதிரும். வெளியே நிற்கும் பகுதியைக் குறைத்தால் அதிர்வு அடங்கிவிடும். பிளேடும் அப்படித்தான். மேல்மூடியும் அடித்தட்டும் பிளேடைக் கவ்விப் பிடிக்கும் கோட்டிலிருந்து முனைவரை எவ்வளவு தூரம் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அந்தத் தூரம் இரு மடங்கானால் அதே விசைக்குத் தகடு எட்டு மடங்கு வளையும். இது பொறியியல் மாணவர் படிக்கும் அடிப்படைக் கணக்கு. பிடிமானத்திலிருந்து 1 மில்லிமீட்டர் தள்ளி நின்ற முனையை 0.7 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் வளைவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். மேலுதட்டு மீசை போன்ற தடித்த முடியில் படும்போது வளைந்து, விடுபட்டு, மறுபடி வளையும் பிளேடு முடியைச் சீராக அறுக்காது. வெடுக்கென்று இழுத்து விடும். தோலிலும் குதிக்கும். ‘கடுமையான ரேஸர்’ என்று பலர் திட்டுவது பெரும்பாலும் இந்த அதிர்வைத்தான்.

ஒட்ட மழிப்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: பிளேடின் முனை எவ்வளவு வெளியே நிற்கிறது என்பது. மேல்மூடியின் விளிம்பையும் தடுப்புக் கம்பியையும் தொடும்படி ஒரு நேர்கோடு போட்டால் முனை அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா, கோட்டிலேயே இருக்கிறதா, தாண்டி நிற்கிறதா? உள்ளே இருந்தால் தோல் சற்றுப் பிதுங்கி வந்தால்தான் முனையைத் தொடும். பிதுங்க வைக்க வேண்டுமானால் கை அழுத்தியே ஆக வேண்டும். மென்மையான ரேஸர் புதியவருக்குக் கற்றுக்கொடுக்கும் பாடம் இதுதான். எந்தப் பழக்கம் அவருக்கு வரவே கூடாதோ அதை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திவிடுகிறது. முனை கோட்டிலோ, மயிரிழை தாண்டியோ நிற்கும் ரேஸரில் அழுத்தவே தேவையில்லை. தோலின்மேல் வைத்து இழுத்தால் போதும். அழுத்தினால் அது உடனே உணர்த்திவிடும். இரண்டு மூன்று சவரங்களில் கை தானாக லேசாகிவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெரிகிறது. முனை சற்றே வெளியே நிற்க வேண்டும், அதே நேரத்தில் முனைக்கு மிக அருகிலேயே பிளேடு இறுகப் பிடிபட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்த ரேஸர் ஒட்டவும் மழிக்கும், தோலையும் காக்கும். அமெரிக்காவில் செய்யப்படும் பிளாக்லேண்ட் பிளாக்பேர்டு இந்த வழியில் உருவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரேஸர். கனடாவின் ஹென்சன் ஏ.எல்.13 அலுமினியத்தால் ஆனது. விமானப் பாகங்கள் கடைந்த பட்டறையிலிருந்து வந்தது. அதில் பிளேடு வெளியே நிற்கும் அளவு முடியின் தடிமனைவிடக் குறைவு. பிளேடை முனைக்குப் பக்கத்திலேயே இறுக்கிப் பிடித்திருப்பதால் அது அதிர்வதே இல்லை.

அலுமினியம் ரேஸரை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்டீல் என்றாலே ஒட்ட மழிக்கும், எடை கூடினால் தானாகவே வெட்டும் என்று இன்னொரு நம்பிக்கை ஊறிக்கிடக்கிறது. முப்பதாயிரம் ரூபாய் ரேஸரை விற்பதற்கு இது வசதியான நம்பிக்கை. ஸ்டீல் தலையும் பிடியும் சேர்ந்து பல ரேஸர்களில் 100 கிராமுக்கு மேல் நிற்கும். ஹென்சன் அதில் பாதிகூட வராது. ஆனாலும் அது சுத்தமாக மழிக்கிறது. மறுபக்கம், ஜப்பானின் ஃபெதர் ஏ.எஸ்-டி2 முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதன் வேலைப்பாடு கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும். ஆனால் இருபுற முனை ரேஸர்களிலேயே மிக மென்மையானவற்றில் ஒன்று என்று பெயரெடுத்தது அது. தடித்த தாடிக்காரர் அதை வைத்து நாலைந்து சுற்று இழுக்க வேண்டியிருக்கும். ஜெர்மனியின் மூலே ஆர்41-இன் தலையோ துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் பூசியது. உலகில் மிக மூர்க்கமான ரேஸர்களின் பட்டியலில் அதற்கு நிரந்தர இடம் உண்டு. ஸ்டீல் மென்மையாக இருக்கிறது, துத்தநாகம் மூர்க்கமாக இருக்கிறது. மழிப்பின் தன்மை உலோகத்தில் இல்லை, தலையின் வடிவத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் ஸ்டீல் எதற்கு? இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுமே கனமானவை. முதலாவது துல்லியம். முனை வெளியே நிற்கும் அளவு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகளாக இருக்கும்போது, வார்ப்பில் வரும் சிறு பிசகும் பூச்சின் தடிமனில் வரும் ஏற்றத்தாழ்வும் ரேஸரின் குணத்தையே மாற்றிவிடும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு மலிவு ரேஸர்கள் இரண்டு விதமாக மழிப்பதும், ஒரே ரேஸரின் இரு பக்கங்கள் இரண்டு விதமாக மழிப்பதும் இதனால்தான். கட்டி ஸ்டீலிலிருந்து சி.என்.சி. இயந்திரத்தில் கடைந்தெடுத்த தலையில் இந்தப் பிசகைப் பெருமளவு கட்டுப்படுத்தலாம். எல்லா ஸ்டீல் ரேஸரும் அப்படிக் கடைந்ததல்ல என்பதையும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். உலோகத் தூளைப் பசையோடு கலந்து அச்சில் செலுத்தி, சூளையில் சுட்டு இறுக்கும் முறை ஒன்று இருக்கிறது. சுடும்போது துண்டு 15 முதல் 20 சதவீதம்வரை சுருங்கும். அதைக் கணக்கிட்டுத்தான் அச்சு செய்கிறார்கள். நன்றாகச் செய்தவையும் உண்டு, ராக்வெல் 6எஸ் அதற்கு உதாரணம். ஆனால் விலைச்சீட்டில் ‘316எல் ஸ்டீல்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த முறை என்று கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, ஆயுள். துத்தநாகக் கலவை ரேஸரைக் காப்பாற்றுவது அதன்மேல் உள்ள குரோம் பூச்சு. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் உள்ளே அரிக்கத் தொடங்கும். கைப்பிடியில் திருகும் மரைத் தண்டு அடியோடு முறிவது இந்த வகை ரேஸர்களின் வழக்கமான முடிவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் கலந்திருக்கிறது. அது மேற்பரப்பில் தானே ஒரு மெல்லிய படலமாகிக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் திரும்ப உண்டாகும். நம் சமையலறை எவர்சில்வர் பாத்திரம் தலைமுறை தாண்டி நிற்பதும் இதனால்தான். பெரும்பாலான பாத்திரங்கள் 304 வகை அல்லது அதற்கும் கீழே. 316 வகையில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கூடுதலாக இருப்பதால் உப்பை அது இன்னும் நன்றாகத் தாங்கும். சென்னைக் கடற்கரைப் பகுதியிலோ ராமநாதபுரத்திலோ உப்பு கலந்த போர் தண்ணீரில் கழுவ வேண்டியிருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

எண்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பிளேடின் முனைக்கும் தடுப்புக் கம்பிக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் குறித்து, ரேஸரின் பெயரோடே சேர்த்து விற்கிறார்கள். ரேஸோராக் கேம் சேஞ்சர் 0.68, 0.84 என்று இரண்டு அளவுகளில் வருகிறது. பெரிய எண் என்றால் கடுமை, சிறிய எண் என்றால் மென்மை என்று புதியவர் முடிவுகட்டிவிடுகிறார். ஒரே ரேஸரின் தட்டுகளை ஒப்பிடும்போது அது ஓரளவு சரி. வேறு வேறு ரேஸர்களுக்கு நடுவில் அது உதவாது. அதே நிறுவனத்தின் லூப்போவின் ஒரு வகையில் இடைவெளி 0.72 தான். ஆனால் இரண்டையும் பயன்படுத்தியவர்களில் பலர் கேம் சேஞ்சர் 0.84-ஐவிட லூப்போ 0.72 தான் ஒட்ட மழிக்கிறது என்று சொல்கிறார்கள். அதில் பிளேடின் முனை இன்னும் வெளியே நிற்பதுதான் காரணம். அந்த அளவைப் பெட்டியில் அச்சிடுவோர் மிகக் குறைவு. வாங்குபவர்தான் கேட்டுப் பெற வேண்டும்.

கடையிலோ, வாங்கிய பிறகு வீட்டிலோ கையில் வைத்துப் பார்க்கும்போது தெரியும் விஷயங்கள் சில உண்டு. பிளேடைப் போட்டு இறுக்கி, ரேஸரின் தலையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். மேல்மூடிக்கு வெளியே தெரியும் பிளேடின் விளிம்பு இரு பக்கமும் ஒரே அளவாக, இடமிருந்து வலம்வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்திருந்தால் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பார்க்கலாம். மூன்று முறை செய்தும் சரிந்தே நின்றால் அது உற்பத்திக் குறை, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு, நகத்தால் முனையின் பக்கவாட்டை லேசாகத் தட்டினால் சத்தம் கெட்டியாக வர வேண்டும். கிண்கிணி போல ஒலித்தால் பிளேடு சரியாகப் பிடிபடவில்லை என்று அர்த்தம். பிளேடின் இரு ஓர நுனிகளும் மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். நீட்டியிருந்தால் மூக்குக்குக் கீழேயும் காதோரத்திலும் கீறும். புதியவரின் முதல் வெட்டுக் காயங்களில் பல அங்கேதான். கைப்பிடியில் ஈரக் கை வழுக்காதபடி சொரசொரப்பு நன்றாக வெட்டியிருக்க வேண்டும்.

எந்த அளவு பொருந்தும் என்பதில் தயக்கம் இருப்பவர், மென்மையானதை வாங்கி முடங்க வேண்டியதில்லை. தட்டு மாற்றும் ரேஸர் வாங்கலாம். ராக்வெல் 6எஸ்-இல் மூன்று தட்டுகள். ஒவ்வொன்றையும் திருப்பிப் போடலாம் என்பதால் ஆறு நிலைகள் கிடைக்கும். 1950களின் கடைசியிலும் 60களிலும் ஜில்லெட்டே ஒன்று முதல் ஒன்பதுவரை திருகிக்கொள்ளும் ரேஸர்களை விற்றது. நடு எண்ணிலிருந்து தொடங்குங்கள். முதல் எண்ணிலிருந்து வேண்டாம்.

மென்மையான ரேஸர் யாருக்குமே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரும்பு மீசை விடும் பையனுக்கும், மெல்லிய முடியைத் தினமும் மழிப்பவருக்கும், முகப்பரு நிறைந்த தோலுக்கும் அது பொருத்தமானதே. கை நடுக்கம் உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் மின் ரேஸரை வைத்துக்கொள்வது நல்லது. விமானத்தில் கைப்பையில் தனி பிளேடைக் கொண்டுபோக விடமாட்டார்கள், கார்ட்ரிட்ஜை விடுவார்கள். அடிக்கடி பறப்பவருக்கு இது மெய்யான தொல்லை. இவர்கள் விதிவிலக்குகள். இவர்களுக்கான அறிவுரையை, மூன்று நாள் தாடியோடு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன் நிற்கும் முப்பது வயதுக்காரருக்கும் சேர்த்துச் சொல்வதுதான் தவறு.

ரேஸர் எவ்வளவு நல்லதானாலும் வெட்டுவது பிளேடு. 2020-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, பிளேடு எப்படி மழுங்குகிறது என்பதைக் காட்டியது. முடி ஸ்டீலைவிட 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி வளைந்து, பக்கவாட்டில் பிளேடின் முனையில் பலவீனமான இடத்தில் மோதும்போது அங்கே சில்லு பெயர்கிறது. முனை தேய்ந்து மழுங்குவதைவிடச் சில்லுச் சில்லாக உடைவதுதான் அதிகம். சில்லு விழுந்த முனை முடியைப் பிடித்து இழுக்கும். 200 ரூபாய் கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜைத் தூக்கிப்போட மனம் வராமல், இழுக்கத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். டோபாஸ், செவன் ஓ கிளாக் போன்ற பிளேடுகள் ஒன்று சில ரூபாய்தான். நாலைந்து சவரத்துக்குப் பிறகு கவலையில்லாமல் மாற்றிவிடலாம். நல்ல ரேஸரை வாங்கி அதில் மழுங்கிய பிளேடைப் போட்டுக்கொண்டு ‘ரேஸர் கடுமை’ என்று குறை சொல்வோரும் இருக்கிறார்கள். முதல் மாதத்திலேயே மூன்று நான்கு வகை பிளேடுகளைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒருவருக்கு ஒத்துப்போகும் பிளேடு இன்னொருவருக்கு ஒத்துப்போகாது.

கழித்த பிளேடுகளை அப்படியே குப்பையில் போடக் கூடாது. நம் ஊர்களில் குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். கிழிவது அவர்கள் கை. காலி டின் ஒன்றின் மூடியில் கீறல்போல ஒரு வாய் வெட்டி அதற்குள் போட்டு வந்தால் பல ஆண்டுகள் தாங்கும். நிறைந்ததும் வாயை அடைத்துப் பழைய இரும்புக்காரரிடம் விவரம் சொல்லிக் கொடுத்துவிடலாம். பிளாஸ்டிக்கும் ரப்பரும் ஸ்டீலும் ஒன்றோடொன்று ஒட்டிய கார்ட்ரிட்ஜை அவர்கூட வாங்கமாட்டார்.

வாங்கப் போகிறவர்களே, விற்பவரிடம் இதையெல்லாம் கேளுங்கள். பிளேடின் முனை எவ்வளவு வெளியே நிற்கிறது? முனைக்கு எவ்வளவு அருகில் அது பிடிபடுகிறது? தலை கடைந்ததா, அச்சில் வார்த்ததா? எந்த வகை ஸ்டீல்? இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் ‘புதுசா பழகுறவங்களுக்கு இதுதான் சார் மென்மையா இருக்கும்’ என்று மட்டும் சொன்னால் அந்த ரேஸரை வாங்காதீர்கள்.